அடிக்கவில்லை, குடிக்கவில்லை: இருந்தும் விவாகரத்து கேட்க முடியுமா?

கேள்வி:

எனக்கு வயது 34. இந்து முறைப்படி திருமணமாகி, பதிவும் செய்து ஒன்பது வருடம் ஆகிறது. இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் இருக்கிறாள். கணவர் என்னை ஒரு நாளும் அடித்ததில்லை, குடிப்பழக்கமும் இல்லை. ஆனால் நாள்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் என்னோடு பேசமாட்டார். எது சொல்ல வேண்டுமானாலும் மகளிடம் சொல்லி அனுப்புவார். நான் வேலைக்குப் போகிறேன். என் ஏடிஎம் கார்டு அவரிடம்தான் இருக்கும், பஸ்ஸுக்குக்கூடக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். சொந்தக்காரர்கள் முன்னால் ‘இதுக்கு மூளை கிடையாது’ என்பார். இரண்டு தடவை அம்மா வீட்டுக்கு வந்து, பெரியவர்கள் பேசிச் சமாதானம் செய்து அனுப்பினார்கள். இரண்டாவது தடவை திரும்பிப் போன பிறகு எனக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தது, அப்போது அவர் வரவே இல்லை. கடைசியாக மகளோடு அம்மா வீட்டுக்கு வந்து 14 மாதம் ஆகிறது.

விவாகரத்து கேட்டால், ‘உயிரே போனாலும் கையெழுத்துப் போடமாட்டேன், சேர்ந்து வாழச் சொல்லி நானே கேஸ் போடுவேன்’ என்கிறார். ‘அடிச்சானா, குடிச்சானா, எதுவுமே இல்லாம எப்படிக் கேஸ் போடுவ?’ என்று உறவில் கேட்கிறார்கள். இரண்டு வருடம் பிரிந்திருந்தால் தானாகவே விவாகரத்து ஆகிவிடும் என்கிறார் ஒருவர். முத்திரைத்தாளில் எழுதி முடித்துவிடலாம் என்கிறார் மாமா. அவர் அலுவலகத்தில் ஒரு பெண்ணோடு அடிக்கடி பேசுவார், அதைச் சொன்னால் கேஸ் வலுவாகும் என்றும், மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால்தான் கோர்ட்டில் மதிப்பு என்றும் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். வீட்டை விட்டு வந்தது நான்தானே, அதனால் தப்பு என் மேல் ஆகிவிடுமா? மகளைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்குமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் வழக்குப் போடலாம். அதற்குக் கணவரின் கையெழுத்து தேவையில்லை. அவர் அடித்திருக்கவோ குடித்திருக்கவோ வேண்டியதும் இல்லை. நீங்கள் எழுதியிருக்கும் வாழ்க்கை, சட்டத்தில் ‘கொடுமை’ என்ற காரணத்துக்குள் வரக்கூடியதுதான். ஆனால் கொடுமை என்று மனுவில் எழுதிவிட்டதாலேயே வழக்கு நின்றுவிடாது. அதற்குக் கீழே எந்தச் சம்பவங்களை, எந்தத் தேதியோடு, எந்த ஆதாரத்தோடு வைக்கிறீர்கள் என்பதில்தான் வழக்கே இருக்கிறது. உங்கள் கடிதத்தில் காரணங்களைப் பற்றிய கேள்விகள் நிறைய இருக்கின்றன, சம்பவம் என்று பார்த்தால் ஒன்றுதான் தேறுகிறது. அதையும் ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். அதற்கு வருகிறேன்.

உங்களுக்குப் பொருந்துவது 1955-ஆம் வருட இந்து திருமணச் சட்டம். இதைப் படிக்கும் மற்றவர்கள் தங்கள் திருமணம் எந்தச் சட்டத்தின் கீழ் நடந்தது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சிறப்புத் திருமணச் சட்டப்படி மணந்தவர்களுக்கு 1954-ஆம் வருடச் சட்டம், கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் வருட விவாகரத்துச் சட்டம், முஸ்லிம் பெண்களுக்கு 1939-ஆம் வருடச் சட்டம் என்று தனித்தனியாக உண்டு. கொடுமை இவை எல்லாவற்றிலும் ஒரு காரணம்தான். காலக்கெடுவும் மற்ற விவரங்களும் மாறும்.

‘எதுவுமே இல்லாம எப்படி’ என்று உறவினர்கள் கேட்பது உங்களுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். இருந்தாலும் அந்தக் கேள்வியில் கொஞ்சம் சட்டம் இருக்கிறது. இந்தத் திருமணம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று நம் சட்டம் கேட்பதில்லை, எதிர்த்தரப்பு என்ன தவறு செய்தது என்றுதான் கேட்கிறது. ஒத்துப்போகவில்லை, மனசு விட்டுப்போச்சு, இனிமேல் சரிப்பட்டு வராது என்பதெல்லாம் எவ்வளவு உண்மையாக இருந்தாலும், விவாகரத்துக்கான காரணங்களைப் பட்டியலிடும் இந்து திருமணச் சட்டத்தின் 13-வது பிரிவில் இடம் பெறவில்லை. மீட்க முடியாதபடி முறிந்துபோன திருமணம் என்பதையும் ஒரு காரணமாகச் சேர்க்கச் சொல்லி சட்ட ஆணையம் 1978-இல் பரிந்துரைத்தது. 2006-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2009-இல் சட்ட ஆணையம் மறுபடியும் சொன்னது. 2013-இல் ஒரு மசோதா மாநிலங்களவையில் நிறைவேறி, மக்களவையைத் தாண்டாமல் நின்றுபோனது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, முறிந்துபோன திருமணத்தை அரசியல் சாசனத்தின் 142-வது பிரிவின்படி தன்னால் கலைக்க முடியும் என்று தீர்ப்பளித்தது. செய்தியில் அதைப் பார்த்துவிட்டுப் பலர் வருகிறார்கள். அந்த அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும்தான். குடும்ப நல நீதிமன்றம் அதைப் பயன்படுத்த முடியாது. நேரே டெல்லிக்குப் போய் ரிட் மனுப் போட்டு அதைக் கேட்கவும் முடியாது என்று அதே தீர்ப்பு சொல்கிறது.

அப்படியானால் 13-வது பிரிவில் என்னதான் இருக்கிறது? திருமணத்துக்கு வெளியே விரும்பி வைத்துக்கொண்ட உடலுறவு, கொடுமை, தொடர்ந்து இரண்டு வருடம் கைவிட்டிருப்பது, வேறு மதத்துக்கு மாறுவது, சேர்ந்து வாழ எதிர்பார்க்க முடியாத அளவு தீவிரமான மனநோய், தொற்றும் பால்வினை நோய், துறவு, ஏழு வருடமாக உயிரோடு இருப்பதாகத் தகவலே இல்லாதது. தொழுநோயும் இந்தப் பட்டியலில் இருந்தது, 2019-இல் எடுத்தார்கள். எப்போதோ எடுத்திருக்க வேண்டியது. மனைவிக்கு மட்டும் உரிய காரணங்களும் சில உண்டு. அதில் ஒன்று உங்களுக்குப் பின்னால் உதவக்கூடும், பணத்தைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

சரி, கொடுமைக்கு வருவோம். 1976 வரை இந்தச் சட்டத்தில் கொடுமையைக் காட்டி விவாகரத்து வாங்க முடியாது, சட்டப்படி பிரிந்திருக்க மட்டும் உத்தரவு கிடைக்கும். 1976 திருத்தம்தான் அதை விவாகரத்துக்கான காரணமாக்கியது. எது கொடுமை என்று சட்டம் வரையறுத்துச் சொல்லவில்லை. அந்த வேலையை உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் செய்தன. 1975-இல் தஸ்தானே வழக்கில், இது கிரிமினல் வழக்குப் போலச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டிய விஷயம் இல்லை, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும் என்றார்கள். 1988-இல் ஷோபா ராணி வழக்கில், துன்புறுத்த வேண்டும் என்ற உள்நோக்கத்தைக் காட்டியே ஆகவேண்டும் என்பதில்லை, அந்த நடத்தை உங்களை என்ன செய்தது என்பதுதான் முக்கியம் என்றார்கள். உங்கள் வழக்குக்கு மிக நெருக்கமானது 2007-ஆம் வருட சமர் கோஷ் தீர்ப்பு. மனரீதியான கொடுமைக்கு அதில் ஒரு மாதிரிப் பட்டியலே இருக்கிறது. இரு பக்கமும் வெட்டும் பட்டியல் அது. வெறுமனே ஒட்டுதல் இல்லாமலும் அன்பு காட்டாமலும் இருப்பது கொடுமை ஆகாது என்று ஒரு வரி. முரட்டுப் பேச்சும், அலட்சியமும், கவனியாமையும் ஒரு அளவைத் தாண்டி வாழ்க்கையைச் சகிக்க முடியாததாக்கினால் அது கொடுமை என்று அடுத்த வரி. எல்லாக் குடும்பத்திலும் வரும் சாதாரண உரசல்களை வைத்து விவாகரத்து கேட்க முடியாது என்றும் அதில் உண்டு.

உங்கள் கணவரின் வக்கீல் எந்த வரியில் கையை வைப்பார் என்று இப்போதே சொல்லிவிடலாம். ‘என் கட்சிக்காரர் அதிகம் பேசாத சுபாவம். சிக்கனமானவர், வீட்டுக் கடன் இருப்பதால் வரவுசெலவை ஒரே இடத்தில் வைத்திருந்தார். இதெல்லாம் ஒரு கொடுமையா?’ என்பார். கேட்பதற்கு நியாயமாகவும் இருக்கும். அதனால் உங்கள் மனு அந்த இரண்டாவது வரிக்குள் போய் உட்கார வேண்டும். எப்படி?

எத்தனையோ மனுக்களில் இப்படி ஒரு பத்தி வரும்: ‘எதிர்மனுதாரர் மனுதாரரைப் பல ஆண்டுகளாகச் சொல்லொணா மன உளைச்சலுக்கு ஆளாக்கி, உடலாலும் மனதாலும் கொடுமைப்படுத்தி, வாழ்க்கையை நரகமாக்கினார்.’ டைப் அடிக்கும் இடத்திலேயே தயாராக இருக்கும் பத்தி இது. நீதிபதி தினமும் பார்க்கிறார். இதில் அவர் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. ‘உடலாலும்’ என்று எழுதியதற்குக் குறுக்கு விசாரணையில் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அடித்ததே இல்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். அந்த ஒரு சொல் பொய்யானால் மற்றதையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்கள்.

இப்போது அந்த ஆபரேஷனை எடுங்கள். எந்தத் தேதியில் அட்மிட் ஆனீர்கள், எத்தனை நாள் இருந்தீர்கள், யார் கையெழுத்துப் போட்டார்கள், யார் பணம் கட்டினார்கள்? உங்கள் ஏடிஎம் கார்டு அவரிடம் இருந்தது என்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அதே நாட்களில் உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டதா? வங்கியில் அந்த மாதத்து ஸ்டேட்மென்ட் வாங்கிப் பாருங்கள். டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் தேதி இருக்கும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டவர் பெயர் இருக்கும். பில்லைக் கட்டியது உங்கள் அம்மாவோ சகோதரரோ என்றால் அந்தப் பரிவர்த்தனை அவர்கள் கணக்கில் இருக்கும். இந்த நாலு காகிதத்தையும் அடுத்தடுத்து வைத்தால், மனைவிக்கு ஆபரேஷன், கணவர் வரவில்லை, அவள் சம்பளத்திலிருந்து பணம் மட்டும் எடுத்திருக்கிறார் என்பது ஒரு உரிச்சொல்கூட இல்லாமல் தெரியும். ‘அதிகம் பேசாத சுபாவம்’ என்ற வாதம் இதன் முன் ரொம்ப தூரம் போகாது. ஸ்டேட்மென்ட்டில் அப்படி எதுவும் இல்லையென்றால் பணம் எடுத்ததாக எழுதாதீர்கள். அவர் வரவில்லை என்பதே போதுமான சம்பவம்.

இது போல ஒரு ஏழெட்டுச் சம்பவம் கிடைத்தால் நல்ல மனு. ஒன்பது வருடத்தையும் எழுத வேண்டாம். ஒரு நோட்டில் வருடவாரியாக எழுதிப் பாருங்கள். பேசாமல் இருந்த காலங்களில் மிக நீண்டது எது, எதனால் தொடங்கியது, யார் தலையிட்டு முடிந்தது? ‘மூளை கிடையாது’ என்று சொன்னது எந்த விசேஷத்தில், யார் கேட்டார்கள்? கேட்டவர்களில் ஒருவராவது சாட்சி சொல்ல வருவாரா? சொந்த அம்மா, அண்ணன், தம்பி சாட்சி சொன்னால் செல்லாது என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. நாலு சுவருக்குள் நடந்ததற்கு வீட்டு மனிதர்கள்தானே சாட்சியாக இருக்க முடியும்? அந்த உறவை வைத்து மட்டும் கோர்ட் ஒதுக்கிவிடாது.

போனில் இருக்கும் செய்திகளும் உதவும். அவருக்கு நீங்கள் நாற்பது செய்தி அனுப்பி, ஒன்றுக்குக்கூடப் பதில் வராத மாதங்கள் இருந்தால் அந்த மௌனமே ஒரு ஆவணம். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டோம் என்று பழைய போனை விற்றுவிடாதீர்கள். 2023-ஆம் வருட பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுப்படி மின்னணு ஆவணத்தோடு ஒரு சான்றிதழும் தாக்கல் செய்ய வேண்டும். மூலக் கருவி கையில் இருப்பது நல்லது. தம்பதிக்குள் ரகசியமாகப் பதிவு செய்த உரையாடலையும் விவாகரத்து வழக்கில் ஆதாரமாகப் பார்க்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்காக இனிமேல் அவரைப் போனில் தூண்டிவிட்டுப் பதிவு செய்ய ஆரம்பிக்காதீர்கள். பதிவில் உங்கள் குரலும்தான் இருக்கும்.

இரண்டு தடவை திரும்பிப் போனதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. எதிர்த்தரப்பு கட்டாயம் கேட்கும். சட்டத்தின் 23-வது பிரிவு, கொடுமையை மன்னித்து ஏற்றுக்கொண்டிருந்தால் அதை வைத்து விவாகரத்து கேட்க முடியாது என்கிறது. குறுக்கு விசாரணை இந்த மாதிரி போகும்: ‘இரண்டாவது முறை நீங்களாகத்தானே திரும்பிப் போனீர்கள்?’ ‘ஆமாம்.’ ‘அதற்குப் பிறகு குடும்பத்தோடு கோயிலுக்குப் போய் எடுத்த போட்டோ இது, சிரித்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்?’ ‘ஆமாம்.’ ‘அப்படியானால் அதுவரை நடந்த எதுவும் உங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை?’ இங்கேதான் பலர் தடுமாறிப் போட்டோவையே மறுத்துவிடுகிறார்கள். மறுக்க வேண்டியதே இல்லை. மன்னிப்பு நிபந்தனையோடு வருவது, பழைய நடத்தை திரும்பினால் மன்னிக்கப்பட்டதும் சேர்ந்து உயிர் பெறும் என்று அதே தஸ்தானே தீர்ப்பிலேயே இருக்கிறது. அந்த வழக்கில் கொடுமை நிரூபணமாகியும், மன்னித்துச் சேர்ந்து வாழ்ந்தார் என்ற காரணத்தால் கணவர் தோற்றார் என்பதையும் மறக்க வேண்டாம். உங்கள் ஆபரேஷன் நடந்தது இரண்டாவது சமாதானத்துக்குப் பிறகு. அதனால்தான் அந்த ஒரு வரி எனக்கு முக்கியமாகப் பட்டது. சமாதானம் பேசிய பெரியவர்கள் யார், என்ன வாக்குக் கொடுத்து அனுப்பினார்கள் என்பதையும் எழுதி வையுங்கள்.

வீட்டை விட்டு வந்தது நீங்கள்தான் என்பதால் தப்பு உங்கள் மேல் ஆகாது. கைவிடுதல் என்று சட்டம் சொல்வதற்கு, பிரிந்து இருப்பதோடு, நியாயமான காரணம் இல்லாமல் நிரந்தரமாகப் பிரிந்துவிடும் நோக்கமும் வேண்டும். 1956-இலேயே உச்ச நீதிமன்றம் இதை விளக்கிவிட்டது. இருக்க முடியாதபடி செய்து ஒருவரை வெளியேற வைத்தால், வெளியேற வைத்தவர்தான் கைவிட்டவர். ஆனால் உங்கள் மனுவில் கைவிடுதலை இப்போது ஒரு காரணமாகச் சேர்க்க முடியாது. மனுப் போடும் நாளுக்கு முன் தொடர்ந்து இரண்டு வருடம் ஆகியிருக்க வேண்டும், உங்களுக்கு 14 மாதம்தான். கொடுமைக்கு அப்படி ஒரு காத்திருப்பு கிடையாது. திருமணமாகி ஒரு வருடம் முடிந்திருந்தால் போதும். எனவே இரண்டு வருடம் ஆகட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம்.

தானாகவே விவாகரத்து ஆவது என்று ஒன்று கிடையாது. இரண்டு வருடம் என்ன, இருபது வருடம் பிரிந்திருந்தாலும் கோர்ட் தீர்ப்பு வரும்வரை நீங்கள் கணவன் மனைவிதான். மாமா சொல்லும் முத்திரைத்தாளும் அப்படித்தான். நோட்டரி முத்திரை, நாலு சாட்சி எல்லாம் இருந்தாலும் அது ஒரு காகிதம். பரம்பரையாக வரும் சமூக வழக்கப்படி பிரியும் உரிமையை 29-வது பிரிவு காப்பாற்றுகிறது என்பது உண்மை. அந்த வழக்கம் உங்கள் சமூகத்தில் தொடர்ந்து இருந்ததாகத் தனியாக நிரூபிக்க வேண்டும், அது லேசில்லை. இப்படி எழுதிக் கொடுத்ததை நம்பி மறுமணம் செய்தவர்கள், முதல் திருமணம் முடியாமலே இரண்டாவது செய்ததாகக் கிரிமினல் வழக்கில் நிற்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். மாமாவிடம் மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அலுவலகப் பெண் விஷயத்தைத் தொடாதீர்கள். அடிக்கடி பேசுவது என்பது திருமணத்துக்கு வெளியே உடலுறவு என்ற காரணத்துக்குப் பக்கத்தில்கூட வராது, உடலுறவைச் சூழ்நிலைச் சான்றுகளாலாவது காட்ட வேண்டும். 2018-இல் இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-வது பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்த பிறகு அது குற்றம் இல்லை, விவாகரத்துக்கு மட்டும் காரணமாக நீடிக்கிறது. ஆதாரமில்லாமல் துணையின் ஒழுக்கத்தைப் பழிப்பதே கொடுமை என்று 2003-இல் ஒரு தீர்ப்பு இருக்கிறது. அங்கே பழி சொன்னவர் கணவர், ஆனால் அளவுகோல் இருவருக்கும் ஒன்றுதான். வழக்கு வலுவாகும் என்று நீங்கள் சேர்க்கும் பத்தி அவருக்குத்தான் சாதகமாகும். அதோடு, சம்பந்தப்பட்டவரையும் வழக்கில் ஒரு தரப்பாகச் சேர்க்க வேண்டிவரும். யாரென்றே தெரியாத ஒரு பெண்ணின் வேலையும் மானமும் அதில் மாட்டிக்கொள்ளும்.

போலீஸ் புகாரும் அதே மாதிரிதான். விவாகரத்துக்கு அது ஒரு தகுதிச் சான்றிதழ் இல்லை. வரதட்சணைக் கேட்டு மிரட்டியது, உடம்புக்கு ஆபத்து என்று இருந்தால் ஒரு நிமிடம்கூட யோசிக்க வேண்டாம், போய்க் கொடுங்கள், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். வழிக்குக் கொண்டுவர ஒரு கேஸ் என்ற கணக்கில் போடாதீர்கள். மனைவி கொடுத்த பொய்ப் புகாரே கொடுமை என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் ஒரு கணவருக்கு விவாகரத்து கொடுத்திருக்கிறது. உங்கள் கடிதத்தில் இருப்பதற்குச் சரியான இடம் 2005-ஆம் வருட குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். சம்பளத்தைப் பிடுங்கி வைத்துக்கொள்வதற்கு அதில் பொருளாதார வன்முறை என்றே பெயர். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார், அவர் வழியாக மனுக் கொடுக்கலாம்.

‘சேர்ந்து வாழச் சொல்லி நானே கேஸ் போடுவேன்’ என்பது பயப்பட வேண்டிய மிரட்டல் இல்லை. இந்து திருமணச் சட்டத்தின் 9-வது பிரிவில் அப்படி ஒரு மனு உண்டு. உங்கள் விவாகரத்து மனுவுக்குப் பதிலடியாக அதைப் போடுவது வழக்கமான ஆட்டம்தான். அதில் அவர் ஜெயித்தாலும் உங்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போக எந்த அமீனாவும் வரமாட்டார். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு ஒரு வருடம் சேர்ந்து வாழாமல் இருந்தால், அதையே காரணமாகக் காட்டி இருவரில் யார் வேண்டுமானாலும் விவாகரத்து கேட்கலாம். நியாயமான காரணத்தோடு திரும்பிப் போகாத மனைவிக்கு அந்தத் தீர்ப்பைக் காட்டி ஜீவனாம்சத்தை மறுக்க முடியாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள்: சம்மன் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புவது. போகாமல் இருந்தால் எக்ஸ்பார்ட்டி ஆகி, அவர் சொன்னது மட்டுமே பதிவாகும்.

கையெழுத்துப் போடமாட்டேன் என்று அவர் இன்று சொல்கிறார். வழக்கு ஆரம்பித்து, கவுன்சிலிங், சமரச மையம் எல்லாம் பார்த்து, நாலு வாய்தா ஆனபிறகு சொல்வது வேறாக இருக்கலாம். அப்போது 13-பி பிரிவில் பரஸ்பர சம்மத மனுவாக மாற்றிக்கொள்ள முடியும். அதற்கு ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும், உங்களுக்கு அது ஏற்கெனவே ஆகிவிட்டது. முதல் மனுவுக்கும் இரண்டாவது கட்டத்துக்கும் இடையே ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்ற விதியையும் தகுந்த வழக்கில் தளர்த்தலாம் என்று 2017-இல் தீர்ப்பு வந்தது. இரண்டாவது கட்டம் முடியும்வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். ஆகவே அவர் சம்மதிக்கிறார் என்றவுடன் ஜீவனாம்சத்தையும் நகையையும் விட்டுக்கொடுத்து எழுதிக் கொடுக்காதீர்கள். மனுவைக் கடுமையான வார்த்தைகள் இல்லாமல் எழுதச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அவதூறாக எழுதிய மனுவைப் படித்த மனிதர் அப்புறம் பேச்சுவார்த்தைக்கு வருவது கஷ்டம்.

பணத்தைப் பற்றி. வேலைக்குப் போகிறீர்கள் என்பதால் ஜீவனாம்சம் கிடையாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சம்பாதிக்கும் மனைவியும் கேட்கலாம், அவள் வருமானம் போதுமா என்பதைக் கோர்ட் பார்க்கும். மகளின் படிப்பு, மருத்துவச் செலவு தனிக் கணக்கு, அது அப்பாவுக்கும் பொறுப்பு. வழக்கு நடக்கும்போதே இடைக்காலத் தொகை கேட்க 24-வது பிரிவு இருக்கிறது. 2020-இல் ரஜ்னேஷ் வழக்கின் தீர்ப்புக்குப் பிறகு இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுத்தாக வேண்டும். அவருடைய சம்பளச் சீட்டோ, வீட்டுக் கடன் விவரமோ கையில் இருந்தால் இப்போதே நகல் எடுங்கள். சீர்வரிசை நகைகள் உங்கள் சொத்து, பில்லையும் கல்யாண போட்டோவையும் வைத்து ஒரு பட்டியல் போடுங்கள். புதுக் கணக்கு ஒன்று தொடங்கி, சம்பளத்தை இந்த மாதமே அதற்கு மாற்றுங்கள். இதற்கு எந்த உத்தரவும் தேவையில்லை.

முன்னால் சொல்வதாகச் சொன்ன தனிக் காரணம் இதுதான்: குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 125-வது பிரிவு, இப்போது புதுச் சட்டத்தில் 144, அதன்படி தனியாக வாழும் மனைவிக்கு ஜீவனாம்ச உத்தரவு கிடைத்து, அதற்குப் பிறகு ஒரு வருடம் அல்லது அதற்கு மேல் இருவரும் சேர்ந்து வாழவில்லை என்றால், அந்த உண்மை மட்டுமே மனைவிக்கு விவாகரத்துக் காரணம். 13-வது பிரிவின் இரண்டாவது உட்பிரிவில் இருக்கிறது. வக்கீல்களே சில சமயம் மறந்துவிடுகிறோம். உங்கள் மௌனக் கொடுமை வழக்கு ஒருவேளை தள்ளாடினால் இது ஒரு கைத்தடி. கொடுமை மனுவோடு ஜீவனாம்ச மனுவையும் ஒரே சமயத்தில் போடச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

எங்கே போடுவது? அம்மா வீடு இருக்கும் ஊரிலேயே போடலாம். 2003 திருத்தத்துக்குப் பிறகு மனைவி வசிக்கும் இடத்துக்கும் அதிகாரம் உண்டு. குடும்ப நல நீதிமன்றம் இல்லாத இடமென்றால் சார்பு நீதிமன்றத்தில் ஹெச்.எம்.ஓ.பி.யாக, அதாவது இந்து திருமண மனுவாக, எடுப்பார்கள். வக்கீல் செலவு யோசனையாக இருந்தால் நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். எவ்வளவு காலம் ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை, எல்லோரும் கேட்பார்கள். சம்மன் சேர்ந்த நாளிலிருந்து ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. போட்டி வழக்கு என்றால் அந்த ஆறு மாதத்தை நம்பி எந்தத் திட்டமும் போடாதீர்கள்.

மகளைப் பற்றி. விவாகரத்து மனுவுக்காக அவள் கோர்ட்டுக்கு வரவேண்டியதில்லை. அவள் யாரிடம் வளர்வது, அப்பா எப்போது பார்ப்பது என்ற மனு வந்தால், நீதிபதி அவளைத் தன் அறையில் வைத்துத் தனியாகப் பேசிப் பார்க்கக்கூடும். கூண்டில் ஏற்றமாட்டார்கள். நடவடிக்கைகள் பொதுவில் இல்லாமல் மூடிய அறையில்தான் நடக்கும், பத்திரிகையில் வெளியிடவும் தடை உண்டு. அப்பா அவள் வழியாகச் சொல்லி அனுப்பியதை அவளையே சாட்சியாக வைத்து நிரூபிக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். நீதிபதிகளுக்கும் அது பிடிக்காது, பிற்பாடு வரும் பொறுப்பு மனுவில் உங்களுக்கு எதிராகவும் திரும்பும். அதை நீங்களும், வீட்டுக்கு வந்துபோன பெரியவர்களும் சொன்னால் போதும். நடுவில் அவர் மகளைப் பார்க்கக் கேட்டால் மறுக்காமல் நாளும் நேரமும் குறித்து, போன் செய்தியாகவே அனுப்பி வையுங்கள்.